தொப்பிப் பங்கீடு

மிருதங்கத்தின் இடது பக்கத் தோலுக்குத் தொப்பி என்று பெயர் வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் கையில் அகப்பட்டால் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் பாதியை நான் பல்லைக் கடித்துக்கொண்டு கழித்தேன். வலது பக்கத்துக்கு வலந்தலை என்று ஒழுங்காகப் பெயர் வைத்த மனிதர், இடது பக்கத்தை இடந்தலை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். அப்படி இருந்திருந்தால் சச்சிதானந்தன் அண்ணையின் பெயர் அவுஸ்திரேலியப் பதிவேடு ஒன்றில் துவக்குச் சுடுகிறவன் என்று ஏறியிருக்காது.

சச்சியண்ணைக்கு மெல்பேர்ணில் தண்ணீர்க் குழாய்களுக்குப் படம் வரைகிற வேலை. நுளம்பு அடிக்கவும் இரண்டு தரம் யோசிக்கிற மனிதர். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மிருதங்கம் ஒன்று அவரிடம் இருந்தது. எங்களுக்குத் தெரிந்தவரை அந்த நகரத்தில் அது ஒன்றுதான். அவருடைய மனைவி நாகேஸ்வரி அக்கா இணுவிலில் பாட்டு ரீச்சராக இருந்தவர். இங்கே வந்த பிறகு பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி ஒதுக்குகிற வேலை. மூன்று வருடமாக அவர் வாய் திறந்து ஒரு வரி பாடவில்லை. கேட்டால் மெஷின் சத்தத்தில் சுருதி செத்துப்போயிற்று என்பார். நாங்களும் கேட்பதை விட்டுவிட்டோம்.

அந்த வருடம் அவர் தானாகவே சொன்னார், நவராத்திரிக்குப் பாடப்போகிறேன் என்று. செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு ஒரு தேவாலய மண்டபமும் கிடைத்தது. அன்றைக்கு மெல்பேர்ணில் கால்பந்து இறுதியாட்டம். அந்த நாளில் வேறு ஒருவரும் மண்டபம் கேட்கமாட்டார்கள். நாகேஸ்வரி அக்கா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

“இவர் வாசிச்சால்தான் பாடுவன். மிருதங்கம் இல்லாமல் பாடுறதெண்டால் நான் குசினிக்குள்ள நிண்டே பாடுவன், மண்டபம் என்னத்துக்கு?”

யூன் மாதக் குளிரில் தோல் நைந்து சத்தம் மந்தமாகிவிட்டது என்று சச்சியண்ணை மிருதங்கத்தைக் காஸ் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தார். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் படார் என்று ஒரு சத்தம் கேட்டது. இடது பக்கத் தொப்பி குறுக்கே கிழிந்து கிடந்தது.

யாழ்ப்பாணத்தில் இருந்த அவருடைய அத்தான் விக்னராஜாவுக்குக் கடிதம் பறந்தது. அத்தான் கச்சேரியில் முப்பது வருடம் இருந்தவர். பாட்டுக் கச்சேரி அல்ல, அரசாங்கக் கச்சேரி, தலைமைக் கிளாக்கர். சங்கீதத்துக்கும் அவருக்கும் இருந்த சம்பந்தம் அந்தச் சொல்லோடு சரி. புதுத் தொப்பி ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லி எழுதிய சச்சியண்ணை, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். பார்சலின் மேல் தோல் என்ற சொல்லே வரக்கூடாது, இந்த நாட்டில் வெளிநாட்டுத் தோல் என்றால் நோய் வரும் என்று கொளுத்திவிடுவார்கள்.

அத்தான் இரண்டு நாள் யோசித்தார். மிருதங்கம் அடித்து வாசிக்கிற வாத்தியம், ஆங்கிலத்தில் பர்கஷன். தொப்பி என்றால் கேப். தோல் என்ற சொல் எங்கேயும் வரவில்லை. தட்டச்சில் பெரிய எழுத்தில் அடித்து ஒட்டினார்: பர்கஷன் கேப், ஒன்று.

பர்கஷன் கேப் என்று உலகத்தில் ஏற்கெனவே ஒரு சாமான் இருப்பது அத்தானுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வாய்ப்பக்கத்தால் மருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்து இறுக்கிச் சுடுகிற பழைய துவக்கு உண்டல்லவா, வன்னியில் இடியன் என்பார்களே, அதன் பின்பக்கத்தில் மூக்குத்தி அளவில் ஒரு செப்புக் கிண்ணம் மாட்டுவார்கள். சுத்தியல் அதன்மேல் விழுந்தால் பொறி பறந்து துவக்கு வெடிக்கும். அந்தக் கிண்ணம்தான் பர்கஷன் கேப். அது இல்லாவிட்டால் இடியன் வெறும் இரும்புக் குழாய். அந்தக் காலத்தில் அந்தக் கிண்ணத்துக்கு நாடு முழுவதும் தட்டுப்பாடு.

பழைய துவக்கைப் பொழுதுபோக்காகச் சுடுகிறவர்களுக்குத்தான் அது தட்டுப்பாடு. மற்றவர்களுக்கு அப்படி ஒரு சாமான் இருந்ததே தெரியாது. ஆனாலும் அதற்கென்று கொலின்ஸ் வீதியில் ஆறாம் மாடியில் ஒரு சபை இருந்தது. பர்கஷன் கேப் பற்றாக்குறைச் சமாளிப்புச் சபை. பற்றாக்குறையைப் போக்குவது அதன் வேலை அல்ல. போக்கிவிட்டால் ஆறாம் மாடியைக் காலி பண்ணவேண்டி வரும் என்பதை அங்கே இருந்தவர்கள் நன்றாக விளங்கி வைத்திருந்தார்கள்.

யூலையில் சபையிலிருந்து கடிதம் வந்தது. உமது பெயருக்கு 640 கிராம் பர்கஷன் கேப் வந்துள்ளது, தேசியப் பற்றாக்குறை நிலவும் வேளையில் இது பாரதூரமான விஷயம், நேரில் வரவும். சச்சியண்ணை கடிதத்தை மூன்று தரம் வாசித்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என்னிடம் கார் இருந்தது, வாயும் கொஞ்சம் இருந்தது. இரண்டாலும் ஒரு பிரயோசனமும் ஏற்படவில்லை.

சபையின் செயலாளர் பிரெண்டர்காஸ்ட் என்பவர். மெழுகு தடவி முறுக்கிய மீசை. அவருடைய மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெற்றுத் தகர டப்பா இருந்தது. சபை கடைசியாகக் கண்ட கேப் டப்பா அதுதான் என்று வெளியே இருந்த பெண் மெல்லிய குரலில் சொல்லியிருந்தாள். அவர் எங்களைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு, “மிஸ்டர் சச்சி,” என்றார். மிச்சப் பெயரை அவர் கடைசிவரை முயற்சி செய்து பார்க்கவில்லை.

“இந்தச் சபை தொடங்கியபோது இந்த நாட்டில் கேப் தட்டுப்பாடு இருக்கவில்லை. எட்டு வருட உழைப்பால் இன்று நாடு முழுவதும் ஒரே சீரான தட்டுப்பாட்டை உண்டாக்கி, அதைச் சமாளித்தும் வருகிறோம். சிட்னியில் ஒருவரிடம் பத்துக் கேப் இருக்க மெல்பேர்ணில் ஒருவரிடம் ஒன்றும் இல்லை என்ற அநீதி இப்போது கிடையாது. இரண்டு நகரத்திலும் ஒன்றும் இல்லை. இந்தச் சமநிலையை நீர் 640 கிராமால் குலைக்கப் பார்த்திருக்கிறீர்.”

அது துவக்குச் சாமான் அல்ல, டிரம் ஒன்றின் இடது பக்கம் என்று சச்சியண்ணை பணிவாகச் சொன்னார். பிரெண்டர்காஸ்ட் பேனையை எடுத்தார். டிரம் எத்தனை லீற்றர் என்று கேட்டார். வெடிமருந்து நிரப்புகிற பீப்பாவையும் டிரம் என்றுதான் சொல்வார்கள் என்பது எங்களுக்கு உறைப்பதற்குள், அறிவிக்கப்படாத வெடிமருந்துப் பீப்பா ஒன்று என்று அவர் எழுதி முடித்துவிட்டார். அது கையால் அடிக்கிற டிரம் என்று நான் குறுக்கே விழுந்து விளக்கினேன். கையால் அடிப்பது ஆபத்தான பழக்கம் என்று அதையும் எழுதிக்கொண்டார்.

பார்சலைத் திறந்து பார்த்தால் விஷயம் முடிந்தது என்று சொன்னோம். முடியாதாம். வெடிபொருள் பார்சலைத் திறக்கப் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் லோங் சேர்விஸ் லீவில் பதினொரு மாதத்துக்குப் போயிருக்கிறார். இல்லாவிட்டால் உரிமையாளர் திறக்கலாம். அதற்கு உரிமையாளரிடம் லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் எடுக்க வாய்வழித் துவக்கு ஒன்று வேண்டும். துவக்கு வாங்கத் துவக்குச் சங்கத்தில் அங்கத்தவராக வேண்டும். அங்கத்தவராக மூன்று சனிக்கிழமை சங்கத்து மைதானத்தில் சுட்டுக் காட்டவேண்டும். எதால் சுடுவது, கேப் இல்லையே என்று கேட்டேன். சமாளிக்கலாம் என்றார். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் அவருடைய முகத்தில் ஒரு கருணை தெரிந்தது.

திரும்பி வரும்போது காருக்குள் நான் கத்தினேன். பேசாமல் தோல் என்று உண்மையைச் சொல்லுங்கோ, பிறகு நடக்கிறது நடக்கட்டும் என்றேன். சச்சியண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார்.

“கேப் எண்டால் பூட்டி வைப்பாங்கள், வரதன். தோல் எண்டால் கொளுத்திப்போடுவாங்கள். பூட்டி வைச்சது எண்டைக்காவது திரும்பி வரும். நாகேஸ் பாடுறன் எண்டு சொன்னது இதுதான் முதல்தரம்.”

அடுத்த வாரம் சங்கமே இரவல் முறையில் அவர் தலையில் ஒரு துவக்கைக் கட்டியது. ஐந்து அடி நீளம், துருப்பிடித்த குழாய், பூச்சி அரித்த கட்டை. நாகேஸ்வரி அக்கா அதைத் தொடாமல் பார்த்துவிட்டு, குசினிக்குள் தும்புத்தடிக்குப் பக்கத்தில் சாத்தி வைக்கச் சொன்னார். கேட்கிறவர்களுக்கு வீடு கூட்டுகிற சாமான் என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அவருடைய எண்ணம்.

சங்கத்து மைதானம் டண்டினோங் மலையடிவாரத்தில், த பேசின் என்கிற ஊரில், ஒரு மாட்டுப் பண்ணைக்குப் பின்னால் இருந்தது. முதல் சனிக்கிழமை போனபோது நூறு வருடத்துக்கு முந்திய சிவப்புக் கோட்டும் வெள்ளைக் காற்சட்டையும் போட்ட பதினேழு பேர் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் வாளோடு நின்ற சங்கத் தலைவர் வேறு யாருமல்ல, பிரெண்டர்காஸ்ட். சச்சியண்ணை மரியாதைக்குச் சிரித்துக்கொண்டு பார்சலைப் பற்றி விசாரித்தார். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. இன்றைக்குத் தான் சங்கத் தலைவர், கந்தோர் விஷயங்களைச் செயலாளரிடம் திங்கட்கிழமை கேட்கவும் என்றார்.

அந்த மனிதர் இதில் ஒரு நேர்மை வைத்திருந்தார். தலைவர் என்ற முறையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் சபைச் செயலாளருக்குக் கடிதம் எழுதுவார்: எங்கள் சங்கத்துக்குக் கேப் தாரும். திங்கட்கிழமை செயலாளர் என்ற முறையில் பதில் எழுதுவார்: இல்லை. பதிலின் தொனி மனவருத்தம் தந்ததாகத் தலைவர் அடுத்த கூட்டத்தில் செயலாளர்மேல் கண்டனத் தீர்மானம் கொண்டுவந்தார். ஏகமனதாக நிறைவேறிற்று. திங்கட்கிழமை செயலாளர் அந்தக் கண்டனத்தை வருத்தத்துடன் நிராகரித்தார். நாங்கள் போய்வந்த காலத்தில் இரண்டு பேருக்கும் நேரில் பேச்சு வார்த்தை இல்லாத அளவுக்குப் பகை முற்றியிருந்தது.

கேப் இல்லாமல் சுடுவது எப்படி என்பதையும் அங்கே கண்டோம். மருந்து கொட்டுவதுபோலக் கொட்டுவார்கள், இடிப்பதுபோல இடிப்பார்கள், குறி பார்ப்பார்கள், விசையை இழுப்பார்கள், பிறகு வாயால் ‘பாங்’ என்பார்கள். நடுவர் தூரத்தில் நிற்கிற பலகையிடம் நடந்துபோய், ‘பாங்’ சொன்ன தோரணையைப் பொறுத்து ஒரு பென்சிலால் ஓட்டை வரைந்துவிட்டு வருவார். பாதிப் பேர் எட்டு வருடத்தில் ஒரு தரம்கூடக் குறி தவறவில்லை. அதைச் சொல்லும்போது அவர்களுடைய நெஞ்சு விரிந்தது.

சங்கத்தில் முன்பு ஒரு பல்வைத்தியர் இருந்தாராம். பிள்ளைகளின் விளையாட்டுத் துவக்குக்குப் போடுகிற பொட்டுவெடியைக் கத்தரித்து, பியர் தகரத்தில் கிண்ணம் அடித்து, தன் கையாலேயே கேப் செய்தாராம். அது உண்மையாகவே வெடித்துவிட்டது. அன்றைக்கே அவரைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். பற்றாக்குறையை ஒருவர் சமாளிக்கலாம், தீர்க்கக்கூடாது என்று தலைவர் எங்களுக்கு விளக்கினார்.

சச்சியண்ணையின் முறை வந்தது. துவக்கைத் தோளில் வைத்தார், கண்ணை மூடினார், விசையை இழுத்தார், தான் அறிந்த ஒரே வெடிச்சத்தத்தைச் சொன்னார்: “டுமீல்.” நடுவர் பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு மணித்தியாலம் கூடிப் பேசினார்கள். மகாராணியின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் துவக்கு ‘பாங்’ என்றுதான் வெடிக்கும் என்றும், டுமீல் என்பது எந்தக் கையேட்டிலும் இல்லாத சத்தம் என்றும் முடிவாயிற்று. அந்தச் சனிக்கிழமை கணக்கில் வராது.

ஆகவே அவர் பயிற்சி எடுத்தார். ஐம்பது வயதை நெருங்குகிற மனிதர், ஐந்து தாள நடையிலும் தனி ஆவர்த்தனம் வாசிக்கிற வித்துவான், வேலையால் வந்து குளியலறையைப் பூட்டிக்கொண்டு ‘பாங், பாங்’ என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த அறையில் நாகேஸ்வரி அக்கா ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சுருதிப் பெட்டி திறந்திருந்தது.

செப்டெம்பர் முதல் கிழமை லைசன்ஸ் கைக்கு வந்தது. எட்டாந் திகதி பார்சல் திறப்பு. அதற்குப் போகவேண்டிய இடம் நகரத்துக்கு மேற்கே ட்ருகனினா. அந்த நாளில் அங்கே புல்லும் கல்வேலியும் காற்றும்தான் இருந்தன. நடுவில் சபைக்குச் சொந்தமான ஒரு தகரக் கொட்டகை. மண்மூட்டை அடுக்கி, தீயணைப்பு வாளி வைத்து, பிரெண்டர்காஸ்ட் உத்தியோக உடுப்போடு நின்றார். சபையின் தட்டச்சுப் பெண்ணும் புகைப்படக்காரரும் வந்திருந்தார்கள். எட்டு வருடத்தில் சபைக்கு வந்த முதல் கேப் அல்லவா.

எல்லோரும் மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டார்கள். சச்சியண்ணை கயிற்றை அறுத்துக் கடதாசியைப் பிரித்தார். பச்சைத் தோல் வாசம் எனக்கும் அடித்தது. வட்டமான வெள்ளாட்டுத் தோல், அதைச் சுற்றி எருமைத்தோல் வளையம், வார் கோர்க்கிற பின்னல் எல்லாம் ஒழுங்காக, நல்ல கைவேலை. அவர் அதை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, ஒரு விரலால் சுண்டிப் பார்த்தார். அந்த இடத்திலேயே முகம் மலர்ந்துவிட்டது. அப்போது அவரைப் பார்த்திருக்கவேண்டும்.

பிரெண்டர்காஸ்ட் கிட்ட வந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, இது எந்த அளவுத் துவக்குக்கு என்று கேட்டார்.

சச்சியண்ணைக்கு இரண்டு மாதமாக அடக்கி வைத்த உண்மை தாங்க முடியாமல் வெளியே வந்தது. இது தோல், துவக்குக்கு அல்ல, மிருதங்கம் என்ற வாத்தியத்துக்கு, என் மனைவி வருகிற இருபத்தைந்தாம் திகதி பாடுகிறாள், இது இல்லாவிட்டால் பாட்டு இல்லை, தயவுசெய்து தாருங்கள் என்றார். பிரெண்டர்காஸ்ட் அதை ஒரு எழுத்து விடாமல் தட்டச்சுப் பெண்ணிடம் சொல்லிப் பதிவு செய்வித்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“மிஸ்டர் சச்சி, 640 கிராம் என்று மந்திரிக்கு எழுதியாயிற்று. 640 கிராம் என்றால் இரண்டாயிரத்து நானூறு கேப். பங்கீட்டுப் பட்டியல் அச்சாகிவிட்டது. இது கேப் அல்ல என்றால் சபை பொய் சொல்லியிருக்கிறது என்று ஆகும். சபை பொய் சொல்லாது. ஆகவே இது கேப். என் கண் எதைக் காண்கிறது என்பது என் சொந்த விஷயம். உத்தியோக நேரத்தில் நான் அதை உபயோகிப்பதில்லை.”

முழுதாக என்னிடமே தாருங்கள், நான் கேப் என்றே கையெழுத்து வைக்கிறேன் என்று சச்சியண்ணை கெஞ்சினார். அதற்கும் பதில் இருந்தது. பற்றாக்குறைக் காலத்தில் வருகிற எல்லாக் கேப்பும் சங்க அங்கத்தவர்களுக்குச் சமபங்காகப் போகவேண்டும். முன்பு பதினேழு பேர், சச்சியண்ணை சேர்ந்ததால் இப்போது பதினெட்டு. அவருக்கு வந்த பொருள் என்பதற்காக அவருக்குக் கூடுதலாகத் தந்தால் அது சலுகை. புதிதாக வந்த குடியேறிகளுக்குச் சலுகை காட்டுகிறார்கள் என்று ஏற்கெனவே வெளியில் ஒரு பேச்சு இருக்கிறது.

கத்தரிக்கோல் எருமைத்தோலில் ஏறவில்லை. வேலிக்கம்பி வெட்டுகிற குறடு கொண்டுவந்தார்கள். முதலில் வளையத்தை வெட்டினார்கள், பிறகு தோலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்தார்கள். ஒவ்வொரு துண்டையும் தராசில் வைத்து முப்பத்தைந்தரைக் கிராமுக்குச் சரிபார்த்தார்கள். கூடினதில் கிள்ளிக் குறைந்ததில் சேர்த்தார்கள். வேலையின் நடுவில் தேத்தண்ணி இடைவேளைக்கு மணி அடித்தது. துண்டுகளுக்குப் பக்கத்திலேயே இருந்து பிஸ்கட் தின்றார்கள். நான் வாழ்க்கையில் பல அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமான கையோடு, இவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டு செய்த அசிங்கத்தைப் பார்த்ததில்லை. சச்சியண்ணை கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் நின்று பார்த்தார். கூட்டிக்கொண்டு போகலாம் என்று தோளைத் தொட்டேன், அவர் அசையவில்லை.

அவருடைய பங்கு தபாலில் வந்தது, இருபத்து நாலாந் திகதி, வெள்ளிக்கிழமை. உள்ளங்கை அளவில் ஒரு முக்கோணத் துண்டு. கூடவே ஒரு அச்சடித்த தாள்: நூற்று முப்பத்து மூன்று கேப் இத்துடன், சிக்கனமாகப் பாவிக்கவும்.

மறுநாள் காலையில் நான் அங்கே இருக்கும்போது வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் கதவைத் தட்டினார்கள். தொற்றுநோய்த் தடுப்புக்காரர். ட்ருகனினாவில் சச்சியண்ணை கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி அவர்கள் கையில் இருந்தது. பதினெட்டாம் இலக்க அங்கத்தவர் தன்னுடைய பங்கு தோல் என்று தானே ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே அதை எரிக்கவேண்டும். மற்றப் பதினேழு துண்டும் இதே தோலில் வெட்டினதுதானே என்று கேட்டேன். மூத்தவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். அவர்கள் ஒருவரும் தோல் என்று சொல்லவில்லை, அவை கேப், எங்கள் இலாகாவுக்குள் வராது என்றார். துண்டை இடுக்கியால் எடுத்துப் பைக்குள் போட்டுக் கட்டினார்கள். நாகேஸ்வரி அக்கா கையெழுத்து வைத்தார்.

கச்சேரியை நிறுத்திவிடலாம் என்று சச்சியண்ணை சொன்னார். அதற்கு மேல் அவரால் அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாகேஸ்வரி அக்கா சேலையை மடித்துக்கொண்டு இருந்தவர், நிமிரவில்லை.

“மிருதங்கத்தைக் காரில ஏத்துங்கோ. கிடக்கிறபடியே.”

நாற்பது பேர் வந்திருந்தார்கள், பிள்ளைகளோடு. முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் பிரெண்டர்காஸ்ட் இருந்தார். அங்கத்தவர் வீட்டு வைபவம் எதிலும் தலைவர் உரையாற்றவேண்டும் என்பது சங்கத்தின் விதி. அறிவித்தலைப் பார்த்துத் தானாகவே வந்துவிட்டார். மடியில் ஆறு பக்கத்தில் ஒரு உரை. மேல்தாளில் தலைப்புத் தெரிந்தது: புதிய குடிமக்களும் சமாளிப்புக் கலையும்.

நாகேஸ்வரி அக்கா சுருதிப் பெட்டியோடு நடுவில் இருந்தார். வலது பக்கத்தில் சச்சியண்ணை, முன்னால் மிருதங்கம், இடது வாய் கிழிந்து பிளந்தபடி. கையிரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அக்கா தொடங்கினார். முதல் இரண்டு பாட்டும் கரகரத்தன. மூன்று வருடத்து மெஷின் தூசி லேசில் போகுமா. மூன்றாவதில் தொண்டை திறந்தது. காம்போதி ராகத்தை எடுத்துப் பெரிதாகப் பாடியபோது என் மற்றப் பக்கத்தில் இருந்த பவளம் அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிருதங்கம் விழவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் வெறுமை விழுந்தது. அது எல்லோருக்கும் கேட்டது.

பெரிய உருப்படி முடிந்தால் தனி ஆவர்த்தனம். பாட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டு தாளம் போட, மிருதங்கக்காரர் தனியே வாசிக்கிற நேரம். நாகேஸ்வரி அக்கா பாட்டை நிறுத்தினார். சச்சியண்ணையின் பக்கம் திரும்பி, வாசியுங்கோ என்று கையைக் காட்டினார். பிறகு தொடையில் ஆதி தாளம் போடத் தொடங்கினார்.

சச்சியண்ணை அசையவில்லை. கிழிந்த தோலுக்கு முன்னால் நேராக நிமிர்ந்து இருந்தார். மண்டபத்தில் அக்காவின் தாளத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை: ஒரு தட்டு, விரல் எண்ணல், பிறகு இன்னொரு தட்டு. தாளம் ஒரு சுற்றுச் சுற்றி ஒரு ஆவர்த்தனம் போயிற்று, நாலு போயிற்று. இது என்ன நடக்கிறது என்று ஒவ்வொருவராக விளங்கத் தொடங்கியது. பவளம் அன்ரியும் மடியில் தாளம் போட்டார். பின்னால் இருந்தவர்களும் போட்டார்கள். நாற்பது கை ஒன்றாக விழுந்து எழும்பியது.

இது எப்போது தொடங்கும் என்று பிரெண்டர்காஸ்ட் என் காதுக்குள் கேட்டார். தொடங்கிவிட்டது என்றேன். பத்து நிமிடம் கழித்து, எப்போது முடியும், அடுத்தது தன்னுடைய உரை அல்லவா என்று கேட்டார். தனி நடக்கும்போது ஒருவரும் குறுக்கே பேசுவதில்லை என்றேன். அவர் உரையைச் சுருட்டினார், விரித்தார். ஒரு தரம் எழும்பி நின்று தொண்டையைச் செருமினார். நாகேஸ்வரி அக்கா அவரை நேராகப் பார்த்துக்கொண்டே தாளம் போட்டார். அவர் இருந்துவிட்டார். அரை மணித்தியாலம் அப்படிப் போயிற்று. ஒரு குழந்தையும் அழவில்லை. கடைசியில் அவர் தாள்களைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து, வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அவருடைய கார் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அக்கா தாளத்தை முடித்து மங்களம் பாடினார். எல்லோரும் போனபிறகு விரிப்பை மடிக்க நான் உதவினேன். சச்சியண்ணை மிருதங்கத்தை உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். எத்தனை ஆவர்த்தனம் போட்டீங்கள் அக்கா, எண்ணினீங்களோ என்று கேட்டேன். அவர் சிவந்துபோன உள்ளங்கையைச் சேலையில் தேய்த்துக்கொண்டார்.

“எண்ணேல்லை. அந்தாள் எழும்பிப் போகுமட்டும் போட்டன்.”